முதச் சண்டை மைக்செட்டுக்காரனுக்கு

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. ராத்திரி பூரா போனைத் தேய்ச்சு கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. உங்க ஆத்தா, புள்ளை பரீட்சைக்குப் படிக்குதுன்னு கட்டங்காப்பி போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கா. நீ என்னடான்னா ரெண்டு தடியய்ங்க ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் மொறைக்கிறதைப் பார்த்துக்கிட்டுக் கெடந்திருக்க. எம்புட்டு நேரம்னு சொன்ன? பதினோரு நிமிசமா? வெளங்கிரும். அந்த நேரத்துக்கு ஒரு வயலுக்குத் தண்ணியைத் திருப்பி விட்டுட்டு வந்துருக்கலாம்.

இல்லை, கோவிச்சுக்காத. நீ காட்டுனதை நானும் பார்த்தேன்ல. 2024 டிசம்பர்ல ரியாத்துல அந்தக் குத்துச்சண்டைக்காரய்ங்க உசிக்கும் ஃபியூரியும் எதிர்த்தாப்புல நின்னாய்ங்க. பேச்சு இல்லை, கையை ஓங்கலை, நகரவும் இல்லை. சுத்தி நின்னவய்ங்கதான் எப்படா முடியும்னு கால் மாத்தி நின்னாய்ங்க. அதுக்கு முந்தி மே மாசம் இன்னொரு கூத்து. ஃபியூரியோட அப்பன், கூட்டத்துல நின்ன உசிக்கோட ஆளு ஒருத்தனைத் தலையால முட்டுனாரு. முட்டுப்பட்டவன் சும்மா நின்னான். முட்டுன அப்பனுக்கு நெத்தியில ரத்தம் ஊத்துச்சு. நான் சிரிச்ச சிரிப்புல வெத்தலை புரையேறிப் போச்சு, நீதானே முதுகைத் தட்டுன?

இப்பக் கேளு, கேட்டதுக்கு வர்றேன். "சீயான், இந்த ஹெவிவெயிட் சண்டைக்கு இம்புட்டு பில்டப்பு தகுமா?" அப்பிடித்தானே கேட்ட? கேட்டாலும் சரியான ஆள்கிட்டத்தான் கேட்டிருக்க. குத்துச்சண்டையைப் பத்தித் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு இருப்பான். அலப்பறையைப் பத்தித் தெரியணும்னா மைக்கு பிடிச்சவன்கிட்ட வரணும்.

நான் மாட்டு வாடியில மைக்கு பிடிச்சவன்டா. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் மாதிரிப் பெரிய வாடியில என்னைய எவன் விடப் போறான்? நம்மளது பூரா கம்மாக்கரை ஓரத்துச் சின்ன வாடி. ஆனா சத்தம் மட்டும் பெருசு. "இந்தா வருது பாரு, நாலு சில்லாவையும் கலக்குன காளை! தொட்டுப் பார், தொட்டா ஒரு அண்டா! பிடிச்சுப் பார், பிடிச்சா ஒரு சைக்கிள்! ஆம்பளை இருந்தா வா!"ன்னு நான் கத்துற கத்துல மாட்டுக்காரருக்கே தன் மாட்டு மேல பயம் வந்துரும். அந்த மாடு அதுக்கு முந்தின நாள் வரைக்கும் உழவுக்குப் போன மாடாக்கூட இருக்கும். கதவைத் தொறந்தா நேரா ஓடி, நாலு தெரு தாண்டி, எவன் வீட்டு வைக்கப்படப்புலயோ போயி நிக்கும். அதுக்காக நான் வாயை மூட முடியுமா? அடுத்த மாடு உள்ள நிக்குது. அதுக்கும் கத்தணும். எனக்குக் கூலி கத்துறதுக்குத்தானே, மாடு பாயுறதுக்கு இல்லையே.

ஆனா சில மாடு இருக்கு. வெளிய வந்து ஓடாது. நிக்கும். மண்ணைக் கிளறும். ஒரு சுத்துச் சுத்தும். நின்னு விளையாடுற மாடும்பாய்ங்க. அது மாதிரி ஒரு மாடு வந்துருச்சுன்னா அடுத்த வருசம் என் பொழப்புல மண்ணு. ஏன்னு கேளு. மொத வருசம் அதுக்காக நான் தொண்டை கிழியக் கத்துனேன். மறு வருசம் மாட்டுக்காரர் பேரையும் ஊரையும் மட்டும்தான் சொன்னேன். மாடுபிடிக்கிற பயலுக தன்னால நாலடி பின்னால போயிட்டாய்ங்க. மேடையில இருக்கிற பெருசுக பேச்சை நிறுத்திட்டாய்ங்க. அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன், மொத வருசத்துப் பேரு மைக்கு குடுத்தது, ரெண்டாம் வருசத்துப் பேரு மாடு சம்பாதிச்சதுன்னு. அந்தக் கணக்கை வச்சுத்தான் உன் வெள்ளைக்காரய்ங்களையும் பார்க்கப் போறேன்.

நீ சொன்னியே, "இது நூற்றாண்டின் சண்டை சீயான்"னு. எந்த நூற்றாண்டு அப்பு? 1910ல ரெனோன்னு ஒரு ஊர்ல ஜாக் ஜான்சன், ஜெஃப்ரீஸ் சண்டை. அப்பவும் நூற்றாண்டின் சண்டைதான். நூற்றாண்டு தொடங்கி பத்து வருசம்கூட ஆகலை. அந்த ஜெஃப்ரீஸ் சண்டையை விட்டு ஆறு வருசமாச் சும்மா கெடந்து பெருத்துப் போயிருந்த மனுசன். கறுப்பன் சாம்பியனா இருக்கக்கூடாதுன்னு அந்தாளைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்துனாய்ங்க. பதினஞ்சாவது ரவுண்டுல சோலி முடிஞ்சுது. அதுல இன்னொரு வேடிக்கை, டெக்ஸ் ரிக்கார்டுன்னு ஒருத்தன் அந்தச் சண்டையை நடத்துனான். டிக்கெட்டு வித்தவனும் அவன்தான், உள்ள நின்ன நடுவரும் அவன்தான். எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு. என் குலதெய்வம்டா அவன்.

அதே ரிக்கார்டு 1921ல நியூஜெர்சியில மரத்துலயே ஒரு மைதானத்தைக் கட்டி டெம்ப்சியையும் கார்ப்பென்டியரையும் மோத விட்டான். டெம்ப்சி அமெரிக்காக்காரன், ஆனா உலகப் போருக்குப் போகாமத் தப்பிச்சவன்னு பேரு. கார்ப்பென்டியர் பிரான்சு, போர்ல விமானம் ஓட்டி மெடல் வாங்குனவன், ஆளும் அழகு. ரிக்கார்டு யோசிச்சான். சொந்த நாட்டுக்காரனை வில்லனாக்கி, அடுத்த நாட்டுக்காரனை எம்ஜியாராக்கி, விட்டான் பாரு விளம்பரம். எண்பதாயிரம் பேரு வந்தாய்ங்க. வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டுன மொதச் சண்டை உலகத்துலயே அதுதான். ஆனா கார்ப்பென்டியர் எடையில ஏழு கிலோ கொறைவு, ஒரு படி கீழ் எடையில சாம்பியனா இருந்த பய. நாலாவது ரவுண்டுல படுத்துட்டான். அதுக்கப்புறம் அந்த ரெண்டு பேரும் திரும்ப மோதவே இல்லை. மோதச் சொல்லி எவனும் கேக்கவும் இல்லை. அது என் மைக்கு சம்பாதிச்ச சண்டை, பேராண்டி. நாலு தெரு தாண்டி ஓடுன மாடு.

இப்ப ஜோ லூயிஸ், ஷ்மெலிங் கதையைக் கேளு. 1936ல ஜெர்மனிக்காரன் ஷ்மெலிங், லூயிஸைப் பன்னெண்டாவது ரவுண்டுல சாய்ச்சுட்டான். அப்ப அது பெரிய சண்டையா? இல்லை. வளர்ற பய ஒருத்தன், வயசான ஒருத்தன்கிட்டத் தோத்தான், அம்புட்டுத்தான். 1938ல மறுபடி மோதுறப்ப ஒரு பக்கம் ஹிட்லரு, இன்னொரு பக்கம் அமெரிக்கான்னு ஆகிப்போச்சு. பாவம், ஷ்மெலிங் அந்தக் கட்சிக்காரன்கூடக் கிடையாது. யாங்கி ஸ்டேடியத்துல எழுபதாயிரம் பேரு. சண்டை எம்புட்டு நேரம் தெரியுமா? ரெண்டு நிமிசம் நாலு செகண்டு. டிக்கெட்டு வாங்கிட்டுப் போயி சீட்டைத் தேடுனவன் பாதி பேரு பார்த்திருக்க மாட்டான். இருந்தாலும் சொல்றேன், அந்தச் சண்டைக்கு அம்புட்டு அலப்பறையும் தகும். ஏன்னா லூயிஸு ரெண்டு வருசம் அந்தத் தோல்வியை மனசுல வச்சுச் சொமந்தான். இடையில உலகச் சாம்பியனே ஆயிட்டான், ஆனாலும் ஷ்மெலிங்கை அடிக்காம நான் சாம்பியன் இல்லைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சான். பின்னால ரெண்டு பேரும் சிநேகிதம் ஆயிட்டாய்ங்க. லூயிஸு கையில காசில்லாமக் கெடந்தப்ப ஷ்மெலிங் உதவியிருக்கான். 1981ல லூயிஸு செத்தப்ப அடக்கத்துக்கும் பணம் குடுத்தான்.

சரி, பெரிய கதைக்கு வா. காப்பி ஆறுது, குடி மொதல்ல.

1971 மார்ச் 8. நியூயார்க்கு. முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும். ரெண்டு பேரும் அதுவரைக்கும் ஒரு சண்டைகூடத் தோக்காதவய்ங்க. தோக்காத ரெண்டு பேரு உலகப் பட்டத்துக்கு மோதுறது அம்புட்டு லேசா அமையாது. ஆளுக்கு 25 லட்சம் டாலரு. அன்னைக்கு மதிப்புலயே நம்ம காசுக்கு ஒண்ணே முக்கால் கோடிக்கு மேல. அந்த வருசம் நம்ம பக்கம் ஒரு சோடி உழவு மாட்டை என்ன விலைக்குப் பிடிச்சாய்ங்கன்னு கேட்டியன்னா நீ மயக்கம் போட்டுருவ. ஃபிராங்கு சினாட்ரான்னு அமெரிக்காவுல பெரிய பாட்டுக்காரன், ரிங்கு ஓரத்துல இடம் வேணுமின்னு கேமராவைத் தூக்கிட்டுப் பத்திரிகைப் போட்டோகிராபரா வந்து நின்னான். நம்ம ஊர் வாடியில மாட்டுக்காரன் பனியனை வாங்கிப் போட்டுக்கிட்டு உள்ள நுழையுற பயலுகளுக்கு அவன்தான் மூத்தவன்.

பதினஞ்சு ரவுண்டு. கடைசி ரவுண்டுல ஃப்ரேசியர் இடது கையை வளைச்சு விட்டான் ஒண்ணு, அலி மல்லாக்க விழுந்தான். எந்திரிச்சான், அதுதான் பெருசு. தாடை வீங்கி, எக்ஸ்ரே எடுக்கப் போனான். செயிச்ச ஃப்ரேசியரும் ஆசுபத்திரியிலதான் கெடந்தான், அதுவும் அவனைவிட ரொம்ப நாளு. செயிச்சவன் பெட்டுல, தோத்தவன் டிவியில பேட்டி குடுக்குறான். எவன் செயிச்சான்னு ஊருக்கே கொழப்பம் வந்துருச்சு. அங்கதான்டா போட்டின்னு ஒண்ணு பொறக்குது.

இதுல எனக்கு அலி மேல ஒரு வருத்தம் உண்டு. நீ அவன் போட்டோவை ரூம்ல ஒட்டியிருக்க, இருந்தாலும் சொல்றேன். அலி வியட்நாம் போருக்குப் போக மாட்டேன்னு சொன்னதால மூணரை வருசம் சண்டை போட விடாம வச்சிருந்தாய்ங்க. அப்ப இந்த ஃப்ரேசியர் கைமாத்தாப் பணம் குடுத்திருக்கான், அவனுக்கு லைசென்சைத் திருப்பிக் குடுங்கன்னு பேசியிருக்கான். அந்த மனுசனைத்தான் அலி மைக்கைப் பிடிச்சதும் வெள்ளைக்காரனுக்கு வாலாட்டுறவன்னான், மூஞ்சி அசிங்கம்னான், கொரில்லான்னான். ரப்பரு கொரில்லா பொம்மையைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு பத்திரிகைக்காரய்ங்க முன்னால குத்திக் காட்டுனான். டிக்கெட்டு விக்கிறதுக்குத்தான்னு பின்னால சொல்லியிருக்கான். விக்கத்தான் செஞ்சுது. ஆனா ஃப்ரேசியர் வீட்டுப் புள்ளைக பள்ளிக்கூடத்துல கேலிப்பட்டுச்சுக. 1974ல ரெண்டாவது சண்டைக்கு அஞ்சு நாள் முந்தி டிவி ஸ்டுடியோவுலயே கட்டிப் புரண்டாய்ங்க, ஆளுக்கு அஞ்சாயிரம் டாலரு அபராதம். அது நடிப்பு இல்லை. நானும் அம்புட்டு நாள் மைக்கு பிடிச்சேன், மாட்டை எம்புட்டு வேணா ஏத்தி விடுவேன், மாட்டுக்காரன் வீட்டைப் பத்திப் பேசுனது கிடையாது. அதுக்கு ஊர்ல கை இருக்கு, காலும் இருக்கு.

ரெண்டாவது சண்டை அலிக்கு. சுமாருதான். மூணாவது 1975 அக்டோபர் 1, மணிலா. அமெரிக்காவுல டிவியில ராத்திரி காட்டணும்னு அங்க காலையில வச்சாய்ங்க. கூரை போட்ட அரங்கத்துல சனம் நெருக்கியடிச்சு, உள்ள அனல். நம்ம ஊரு சித்திரை வெயில்ல நின்னவனுக்குத்தான் அது புரியும். ஃப்ரேசியருக்கு எடது கண்ணு முன்னமேயே பார்வை மங்கல், யாருக்கும் சொல்லாம ஆடிட்டு இருந்தான். நல்ல கண்ணு வீங்கி மூடிப் போச்சு. பதினாலு ரவுண்டு ஆச்சு, அலி எங்கருந்து வர்றான்னே தெரியாம நின்னு வாங்குறான். பதினஞ்சாவதுக்கு மணி அடிக்க விடலை அவனோட பயிற்சியாளர் எடி ஃபட்ச். போதும்டா மகனேன்னு நிறுத்திட்டாரு. அந்த நேரத்துல எதிர் மூலையில அலியும் எந்திரிக்கிற நிலைமையில இல்லைன்னு சொல்றாய்ங்க. ஒரு நிமிசம் பொறுத்திருந்தா யாரு செயிச்சிருப்பாகன்னு இன்னைக்கு வரைக்கும் பேசுறாய்ங்க. ஃபட்ச் அதுக்கு வருத்தப்படவே இல்லை. அதுக்கு முந்தியே ரிங்குல ஆளு செத்ததைக் கண்ணால பார்த்தவரு அவரு.

மூணு சண்டைக்கும் அலப்பறை தகுமான்னு கேட்டா, என்னைய விடு, 2011ல ஃப்ரேசியர் செத்தப்ப நடுங்குற ஒடம்பைத் தூக்கிட்டு அலி வந்து அடக்கத்துல உக்காந்திருந்தானே, அவனைக் கேளு.

நம்ம அலியை நம்ம சீமையிலயும் பார்த்தாய்ங்க, தெரியுமா? 1980 தொடக்கத்துல மெட்ராசுக்கு வந்தான். நேரு ஸ்டேடியத்துல காட்சிச் சண்டை. எதிர்த்து நின்னவன் ஜிம்மி எல்லிஸ், அலியோட சொந்த ஊர் லூயிவில்லுக்காரன், சின்ன வயசுச் சிநேகிதன். முதலமைச்சரா இருந்த எம்ஜியாரு மேடையில. சனம் திரண்டு போச்சு. இங்கருந்து ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சுப் போனவன் எனக்குத் தெரிஞ்ச மைக்செட்டுக்காரன் ஒருத்தன். திரும்பி வந்தவன்கிட்ட "அடி எப்பிடிடா?"ன்னு கேட்டேன். "அடியா? ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே தடவிக் குடுத்தாய்ங்க"ன்னான். "பெறகு என்னத்துக்குடா இம்புட்டுத் தூரம் போன?" "அண்ணே, அலிண்ணே..." அம்புட்டுத்தான். அதுக்கு மேல அவனால சொல்ல முடியலை. அதே வருசம் பிப்ரவரியில எம்ஜியாரு ஆட்சியைக் கலைச்சுட்டாய்ங்க. மனுசன் நம்ம மதுரை மேற்குல வந்து நின்னு செயிச்சு திரும்ப நாக்காலியில உக்காந்தாரு. அலி அதே வருசம் அக்டோபர்ல லாரி ஹோம்ஸ்கிட்ட வாங்கி, பத்து ரவுண்டோட எந்திரிக்க முடியாம உக்காந்துட்டான். திரும்பி வர்றதுன்னா யாருக்கு எப்ப வாய்க்கும்னு எழுதியா இருக்கு?

குத்துச்சண்டைன்னா மெட்ராசுலயும் வடக்கால இருக்கிறவய்ங்கதான். நம்ம பக்கம் கம்பு, மாடு, கபடி. ராயபுரம், காசிமேடு, புளியந்தோப்பு அந்தப் பக்கம் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரைன்னு இருந்துச்சு. ஆர்யா நடிச்ச படத்துல பார்த்தியே, 2021ல. பா. ரஞ்சித் எடுத்தது. நீ டான்சிங் ரோஸ் மாதிரி வீட்டுக்குள்ள ஆடி உங்க ஆத்தாகிட்ட வெளக்கமாத்தடி வாங்குனியே, அந்தப் படம். அங்க மோதுனவய்ங்க பாதிப் பேரு துறைமுகத்துல மூட்டை தூக்குனவன், கடலுக்குப் போனவன். எடையைப் பார்த்தா ஹெவிவெயிட்டுல கால்வாசி பேரு தேற மாட்டான். ஆனா ஒருத்தன் விழுந்தா ஒரு தெருவே தலையைக் குனியும். அவன் மறுபடி வந்து அடிக்கிற வரைக்கும் அந்தத் தெருவுல பேச்சு முடியாது. இந்த மாதிரி ஒரு சூடு இருந்தா மைக்கே தேவையில்லை. அது தன்னால பரவும். சில நேரம் ரிங்கை விட்டு வெளியயும் பரவி நாக்காலி பறந்திருக்கு, அதையும் சொல்லணும்ல.

அப்புறம் எங்க காலத்து மல்யுத்தக்காரய்ங்க தாராசிங்கு, கிங்காங்கு. கிங்காங்குன்னா ஹங்கேரிக்காரன், இருநூறு கிலோ மனுசன். ரெண்டு பேரும் நாடு பூரா ஊர் ஊராப் போயி மோதுனாய்ங்க. சுவத்துல போஸ்டரு, மாட்டுவண்டியில தட்டி, தமுக்கு. எல்லாம் பேசி வச்சுப் போடுறாய்ங்கன்னு அன்னைக்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் காசு குடுத்தான். அதுல ஏமாத்து இல்லை. கூத்துன்னு சொல்லி கூத்துக் காட்டுனா என்ன தப்பு? சண்டைன்னு சொல்லிக் கூத்துக் காட்டுறாய்ங்களே, எனக்கு அங்கதான் பொறுக்காது.

2024 நவம்பர்ல விடியக்காலையில என்னையும் எழுப்பி உக்கார வச்சியே ஒண்ணு! மைக் டைசன்னு சொன்ன, 58 வயசு. எதிர்ல யூடியூப்ல வீடியோ போடுற ஜேக் பால், 27 வயசு. உன் நெட்டு வேற சுத்திச் சுத்தி நின்னுச்சு, அது ஒண்ணுதான் அன்னைக்கு வேகமாச் சுத்துனது. ரெண்டு ரெண்டு நிமிசமா எட்டு ரவுண்டு. டைசன் அடிச்சதுல பட்டது மொத்தம் 18ன்னு எண்ணுனவய்ங்க சொல்றாய்ங்க. கடைசி மணி அடிக்கிறதுக்கு முந்தி அந்தப் பொடியன் குனிஞ்சு கும்பிட்டான். பெரியவருக்கு மரியாதை, நல்ல பழக்கம்தான். அதுக்கு எதுக்குடா ஆறு கோடி வீட்டுல டிவியைப் போட வச்ச? வீட்டுக்குப் போயி கால்ல விழுந்துட்டு வந்திருக்கலாமே. அந்த ரெண்டு பேருக்கும் மறு சண்டை கேட்டு எவனாவது கொடி பிடிச்சானா? பார்த்துக்க.

ஆனா ஃபியூரி, வைல்டர் மூணு சண்டையையும் நீ போட்டுக் காட்டுன பாரு, அன்னைக்குத்தான் எனக்கு உன் மேல மரியாதை வந்துச்சு.

அந்த ஃபியூரி 2015ல கிளிட்ஷ்கோவைத் தோக்கடிச்சு சாம்பியனானவன். அதுக்கப்புறம் குடி, மனசுக் கோளாறு, ஒடம்பு நூத்தி எண்பது கிலோகிட்டப் போயி, ரெண்டரை வருசம் ஆளே காணோம். திரும்பி வந்து 2018 டிசம்பர்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல வைல்டரோட மோதுனான். பன்னெண்டாவது ரவுண்டுல வைல்டர் ரெண்டு குத்து விட்டான், ஃபியூரி கட்டை சாஞ்சாப்புல விழுந்தான். செத்துட்டான்னே நான் நெனைச்சேன். நடுவரு எண்ணிட்டே வர்றாரு, ஒன்பதுக்குள்ள எந்திரிச்சு நிக்கிறான்டா! கடைசியில சண்டை சமம்னுட்டாய்ங்க. அங்க பிடிச்சுது வெனை.

2020 பிப்ரவரியில லாஸ் வேகாஸ். ஃபியூரியைச் சிம்மாசனத்துல வச்சுத் தூக்கிட்டு வந்தாய்ங்க. நம்ம ஊர்ல வார்டு கவுன்சிலருக்குப் பொறந்தநாளுன்னா கோரிப்பாளையத்துல இருந்து காளவாசல் வரைக்கும் மன்னர் வேசத்துல பிளெக்சு வைக்கிறாய்ங்களே, அவய்ங்ககூட அசந்து போயிருவாய்ங்க. வைல்டர் என்ன பண்ணான்? கறுப்புக் கவசம் மாதிரி ஒரு உடுப்பு, முகமூடி, லைட்டு. ஏழாவது ரவுண்டுல அவனோட ஆளு மார்க் பிரீலாந்து துண்டைத் தூக்கிப் போட்டு நிறுத்திட்டான். தோத்ததுக்கு வைல்டர் சொன்ன காரணம் தெரியும்ல? உடுப்பு பதினெட்டு கிலோவாம், அதைப் போட்டு நடந்து வந்ததுல காலு சோந்து போச்சாம். அலப்பறை கனத்துல தோத்த மொத வீரன் அவன்தான்டா! போதாக்கொறைக்கு துண்டு போட்டு உசுரைக் காப்பாத்துன பிரீலாந்தையும் வேலையை விட்டுத் தூக்கிட்டான்.

சரி, இவன் கதை முடிஞ்சுதுன்னு நெனைச்சா, ஒப்பந்தத்துல மூணாவது சண்டை எழுதியிருக்குன்னு பஞ்சாயத்துக்குப் போயி செயிச்சுட்டான். ஃபியூரிக்கும் இன்னொரு இங்கிலாந்துக்காரன் ஜோசுவாவுக்கும் பேசி வச்சிருந்த பெரிய சண்டையே அதுல நின்னு போச்சு. எல்லாரும் திட்டுனாய்ங்க, எதுக்குடா திரும்பவும்னு. ஆனா 2021 அக்டோபர் 9ஐப் பாரு. மூணாவது ரவுண்டுல வைல்டர் விழுந்தான். நாலாவதுல ஃபியூரி ரெண்டு தடவை விழுந்தான். பத்தாவதுல வைல்டர் விழுந்து எந்திரிச்சு, கண்ணு சொருகிப் போயும் கையை வீசுறான். பதினொண்ணாவதுலதான் படுத்தான். யாரும் கேக்காத சண்டை, யாரும் விக்காத சண்டை, அதுதான் மூணுலயும் ஒசத்தி. நீ போனை ஆஃப் பண்ணப் பெறகும் நான் கொஞ்ச நேரம் பேசலை. கவனிச்சியா? உங்க அப்பத்தாவே வந்து நெத்தியைத் தொட்டுப் பார்த்தா, காய்ச்சலான்னு.

இப்பச் சொல்றேன் உன் உசிக் கதை. ஃபியூரி ஆறடி ஒம்பது அங்குலம், உசிக் ஆறடி மூணு. எடையில பதினேழு, பதினெட்டு கிலோ வித்தியாசம். 2024 மே 18, ரியாத். ஒன்பதாவது ரவுண்டுல ஃபியூரி கயித்துல மோதித் தள்ளாடுனதைப் பார்த்து நடுவரு எண்ண வேண்டியதாப் போச்சு. மார்க்குப் போடுறதுல உசிக்குக்கு ரெண்டு நடுவரு, ஃபியூரிக்கு ஒருத்தரு. ஹெவிவெயிட்டுல எல்லாப் பட்டத்தையும் ஒரே ஆளு வச்சிருந்தது 1999ல லெனாக்ஸ் லூயிஸுக்கு அப்புறம் அன்னைக்குத்தான். அதுவும் நாலு பட்டமும் சேந்தாப்புல இதுதான் மொதத் தடவை. டிசம்பர்ல திரும்ப மோதுனாய்ங்க. மூணு நடுவருமே 116க்கு 112ன்னு உசிக்குக்கே போட்டாய்ங்க.

இதுல நீ என்ன கவனிக்கணும்னா, உசிக் வாயைத் தொறக்கலை. ஃபியூரி பாட்டுப் பாடுனான், வைதான், ஒரு தடவை பேட்மேன் வேசம்கூடப் போட்டு வந்திருக்கான். அவன் அப்பன் நெத்தி ரத்தம் வேற. மைக்கு மொத்தமும் ஒரே பக்கம் இருந்துச்சு. எனக்கு அதுல ஒரு தொழில் பொறாமை, உண்மையைச் சொல்லணும்ல. ஆனா ரெண்டு சண்டையிலயும் பன்னெண்டு பன்னெண்டு ரவுண்டு அந்த மலையைச் சுத்திச் சுத்தி வந்தது இந்த ஊமைதான். மொதச் சண்டை ஒரு நூல்ல போச்சு, ரெண்டாவதும் கடைசி ரவுண்டு வரைக்கும் போச்சு. ஆகவே உன் கேள்விக்கு இப்பப் பதில் வாங்கிக்க: அதுக்குத் தகும். சத்தம் போட்டவனுக்காக இல்லை, மறுபடி வந்தவனுக்காக. ஃபியூரியும் தோத்துட்டுத் திரும்பி வந்தான் பாரு, அதுவும் அவன் கணக்குல வரவு.

ஆனா இதையே பிடிச்சுக்கிட்டு அடுத்த வாரம் வேற எவனோ ரெண்டு பேரைக் காட்டி, சீயான் சொன்னாருன்னு உங்கப்பன்கிட்டப் போயி சந்தாவுக்குக் காசு கேக்காத. தோத்தா என்ன போகும் அவனுக்குன்னு மொதல்ல விசாரி. ஒண்ணும் போகாதுன்னா நீயும் போகாத, தூங்கு. சண்டைக்கு முந்தி பேசுறதை எல்லாம் சத்தத்தைக் கம்மி பண்ணிட்டுப் பாரு. தோத்தப் பெறகு அவன் பேசுறதுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டு. உடுப்பு கனம், நடுவரு குருடுன்னான்னா சிரிச்சுக்கிட்டே படுத்துரு. பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தேதி கேட்டான்னா, அந்தத் தேதியை நீயும் காலண்டர்ல குறிச்சு வையி. இம்புட்டையும் விசாரிக்கிறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிரும்னு நீ சொல்லுவ. முடியட்டும். இலவசமா நாளைக்குப் போனுல வந்துருதுல்ல?

என்னமோ ஃபியூரிக்கும் ஜோசுவாவுக்கும் சண்டைன்னு வருசக் கணக்காப் பேசுறாய்ங்களே. ரெண்டு பேரும் இங்கிலாந்து, ரெண்டு பேரும் ஆறரை அடிக்குக் கொறையாத ஆளுக, ரெண்டு பேரும் உசிக்கிட்ட ரெண்டு ரெண்டு தடவை வாங்குனவய்ங்க. எந்த வருசம் நடந்தாலும் நூற்றாண்டின் சண்டைன்னுதான் எழுதப் போறான். நடந்தா நீ பாரு, நல்லாப் பாரு, நான் வேணாம்னு சொல்லலை. என்னைய மட்டும் எழுப்பாத. ரெண்டாவது சண்டைக்குத் தேதி வச்சாய்ங்கன்னா எழுப்பு.

இப்ப எந்திரி, கெணத்து மோட்டாருக்குக் கரண்டு வந்துருச்சு, போயி சுவிட்சைப் போடு.